ரெண்டு பொம்பளைங்க பார்த்தது

போன வாரம் என் தங்கச்சி மருமகன் தினகரன் வீட்டுக்கு வந்திருந்தான். காக்களூரில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை செய்கிறான். நல்ல பையன்தான், எனக்கு ஒரு அவசரம் என்றால் ஓடி வருவான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னான்.

"எங்க ஷிப்டுக்கு ஒரு லேடிய இன்சார்ஜா போட்டுட்டாங்க பெரிம்மா. எல்லாரும் பேஜாராயிட்டோம். நீங்கதான் கம்பெனியிலயே கெடந்தவங்களாச்சே, நீங்களே சொல்லுங்க. பொம்பளைக்கு இதெல்லாம் சரிப்படுமா?"

உடனே ஒரு பதில் சொல்லி அவன் வாயை அடைத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. சரிப்படும் என்று சொன்னால் ஒருத்தியின் முகம் கண் முன்னால் வருகிறது. அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. "காபி குடிச்சிட்டுப் போ" என்று பேச்சை மாற்றி அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். வண்டிகளுக்கு ஆயில் சீல், கேஸ்கெட் எல்லாம் அங்கே செய்வோம். பத்தாவது முடித்ததும் சேர்ந்தேன். அப்பா அம்மா கவரப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். கம்பெனி பஸ்சில் ஏறி உட்கார்ந்து வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் தெருவில் நான்தான். முதலில் ட்ரிம்மிங்கில் போட்டார்கள். அச்சிலிருந்து வரும் சீலின் ஓரத்தில் பிசிறு நிற்கும், அதை வெட்டி எடுக்கிற வேலை. பிறகு ஆள் பற்றாமல் எங்களில் கொஞ்சம் பேரை ப்ரெஸ்சுக்கு மாற்றினார்கள். அங்கேதான் எனக்கு வேலை பிடித்துப்போனது.

ப்ரெஸ் என்பது ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் இரும்பு. கீழ்த்தட்டில் அச்சு கொதித்துக்கொண்டிருக்கும். ரப்பர் துண்டுகளைக் குழி குழியாக வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்த வேண்டும். மேல் தட்டு இறங்கி மூடிக்கொள்ளும். உள்ளே ரப்பர் வேகும். வெந்ததும் தட்டு தானாக ஏறும். அப்போது கையை உள்ளே விட்டு, பித்தளைக் கம்பியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். இரும்புக் கம்பி என்றால் அச்சில் கீறல் விழுந்துவிடும். கை உள்ளே இருக்கிற அந்த நேரம் முழுக்க, மேலே ஏறிய தட்டு அங்கேயே நிற்க வேண்டும். அதை நம்பித்தான் கையை விடுகிறோம்.

அது நிற்கிறதா என்று பார்க்க எனக்கு ஒரு வழி இருந்தது. தட்டு ஏறி இறங்கும் தூணில் கிரீஸ் படிந்து ஒரு கோடு போட்டிருக்கும். தட்டு முழுசாக ஏறி நின்றால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியும். தட்டைத் தூக்கிப் பிடிக்கிற எண்ணெய் எங்கேயாவது கசிந்து அது மெல்ல இறங்கினால் கோடு மறைந்துவிடும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

ஷிப்ட் இன்சார்ஜ் இடம் ஒன்று காலியானது. சீனியாரிட்டி பார்த்தால் எனக்குத்தான். எனக்கு அடுத்தவன் ஏழுமலை. அவன் சேர்ந்தபோது கம்பியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று காட்டினதே நான்தான். மேனேஜர் வரதராஜன் சாரிடம் நானே போய்க் கேட்டேன்.

வரதராஜன் சாரைக் கெட்டவர் என்று என்னால் எழுத முடியாது. குரலை உயர்த்த மாட்டார். கேன்டீனில் எங்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்குவார். யார் வீட்டில் சாவு என்றாலும் வந்து நிற்பார். முடியாது என்று சொல்லப் போகிறார் என்றால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அன்றைக்கு நான் வாயைத் திறந்ததும் கண்ணாடி கழன்றது.

"உன் வேலைல நான் ஒரு குறை சொல்ல முடியாதும்மா. ஆனா ஷிப்ட் பாக்கறது வேற. நாலு ஆம்பளைங்கள அதட்டணும். ஒருத்தன் குடிச்சிட்டு வந்து நின்னா நீ என்ன பண்ணுவ?"

"வெளிய அனுப்புவேன் சார்."

சிரித்தார். அன்பாகத்தான் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு மனசு இளகினது ஸ்டெல்லா. அது ஆண்டவன் குடுத்தது, குத்தம் இல்ல. உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி? வீட்டப் பாத்துக்க, பிள்ளையப் பாத்துக்க."

ஏழுமலைக்குக் கொடுத்தார்கள். எங்களுக்கெல்லாம் மஞ்சள் ஹெல்மெட், இன்சார்ஜுக்கு வெள்ளை. வெள்ளை ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு முதல் நாள் அவன் என் ப்ரெஸ் பக்கம் வந்தான். "இன்னாக்கா மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற? ஊட்டுல மாமா மேல பண்ற அதிகாரம் பத்தலயா உனுக்கு?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெண்களும்தான். அதில் ஒருத்தி, "அடங்கிப் போறதுக்கு ஊட்டுல மாமியாரு கீறாங்க, இங்க இன்னொரு பொம்பள வேறயா?" என்றாள். ஏழுமலை சொன்னதை விட அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அப்புறம் ஒரு மழைக்காலம். என் பக்கத்து ப்ரெஸ்சில் பத்மினி நின்றாள். காலையில் நாஷ்டா முடிந்து வந்தபோது அவளுடைய ப்ரெஸ்சில் அந்தக் கோடு மறைந்திருப்பதைப் பார்த்தேன். ஏழுமலையைக் கூப்பிட்டேன்.

"ஏழுமல, பத்மினி மெஷின்ல தட்டு எறங்குது. நிறுத்திப் பாக்கச் சொல்லு."

"எனுக்கும் கண்ணு கீதுக்கா. லாரி வந்து நின்னுகினு கீது. நீ உன் மெஷின ஓட்டு."

நிறுத்தும் சிவப்புப் பொத்தான் எல்லா ப்ரெஸ்சிலும் உண்டு. ஆனால் இன்சார்ஜ் சொல்லாமல் அதைத் தொட்டவனை மறுநாள் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்மினியிடம், "கைய சீக்கிரம் எடுத்துடு" என்று மட்டும் சொன்னேன். சாப்பாட்டு மணி அடிக்கும் முன்னால் தட்டு இறங்கிவிட்டது. அவள் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. வலது கையில் இரண்டு விரல் போனது.

வரதராஜன் சார் ஆஸ்பத்திரியில் அழுதார். நான் பார்த்தேன். பேக்கிங்கில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுத்தார். பிறகு எங்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்: "பொம்பளைங்கள ப்ரெஸ்ல விட்டது என் தப்பு. இனிமே அந்த ஆபத்து உங்களுக்கு வேண்டாம்."

அத்தனை பெண்களும் திரும்ப ட்ரிம்மிங்குக்கும் இன்ஸ்பெக்‌ஷனுக்கும் போனோம். தட்டு இறங்குகிறது என்று நான் சொன்னதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானே சார் அறைக்குப் போய்ச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார். "நடந்தது நடந்துபோச்சும்மா" என்றார். ஏழுமலையின் தலையில் வெள்ளை ஹெல்மெட் அப்படியே இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் உட்கார்ந்து வருஷங்கள் ஓடின. அந்த வருஷங்களில் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொள்வேன்: இந்தக் கம்பெனியில் பொம்பளைக்குத் தர மாட்டார்கள். அதனால்தான் எனக்கு வரவில்லை. என்னிடம் குறை இல்லை. அது ஒரு விதத்தில் தலையணை மாதிரி. அதில் தலையை வைத்தால் தூக்கம் வரும்.

சிந்துஜா வந்து அந்தத் தலையணையை உருவிவிட்டாள்.

வெளிநாட்டு கஸ்டமர்கள் பெண் அதிகாரிகள் எத்தனை பேர் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள் போல. முதலாளி தானே ஆள் எடுத்தார். திருநின்றவூர் பெண், பி.இ. படித்தவள், கும்மிடிப்பூண்டியில் ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என் மகனை விட சின்னவள். முதல் நாளே எங்கள் ஷிப்டுக்கு இன்சார்ஜ், வெள்ளை ஹெல்மெட். சட்டையும் பேண்ட்டும் போட்டு, ஷூ கட்டி, ப்ரெஸ் வரிசையில் நடந்து வந்தாள். நாங்கள் புடவைக்கு மேலே கோட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆண்கள் என்னென்ன பேசினார்கள் என்பதெல்லாம் புதுசு இல்லை. "கல்யாணம் ஆனா போய்டும்." "மாசத்துல மூணு நாளு நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிடும், பாரு." "யாரு சிபாரிசோ." ஏழுமலை அடுத்த ஷிப்டுக்கு இன்சார்ஜ். "ஒரு திட்டு திட்டினா கண்ண கசக்கினு போயிடும், அப்புறம் எவன் ஷிப்ட் ஓட்டுவான்?" என்று கேன்டீனில் சத்தமாகவே சொன்னான்.

நான் எதுவும் பேசவில்லை. பேசவில்லையே தவிர, என் மனசுக்குள் ஓடினது அவர்கள் பேச்சை விட மோசம். அவள் எதில் தப்பு செய்வாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் டீ குடிக்கும்போது நாலு பேர் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்து நிற்பதைப் பார்ப்பேன். என் டீயை அப்படியே வைத்துவிடுவேன். ஸ்விட்ச் போர்டு சாவி அவள் இடுப்பில் தொங்கும். அந்தச் சாவிக் கொத்தின் சத்தம் வந்தாலே எனக்குக் கை நின்றுவிடும். எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை வாயில் வராது. கூப்பிடாமலே பேசப் பழகினேன். "இந்த லாட்ட பாத்தாச்சு," "இது ரிஜெக்ட்," அவ்வளவுதான்.

வீட்டில் புலம்பினேன். ரோலிங் மில்லில் வேலை செய்துவிட்டு வந்து சாய்ந்திருந்த என் வீட்டுக்காரர் தேவராஜ் ஒருநாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏழுமலைக்குக் குடுத்தப்பகூட நீ இப்டி பொலம்பலயே. இந்தப் பொண்ணு உனக்கு இன்னா பண்ணிச்சி?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்புறம் இன்னா?"

"ஒண்ணும் பண்ணாமயே வந்துட்டா இல்ல, அதான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை காலை ஷிப்ட். ஒரு கார் கம்பெனிக்கு அவசர லோடு. லாரி வாசலில் நின்றது. என் மேசை ப்ரெஸ் வரிசையின் கடைசியில், கடைசி ப்ரெஸ்சுக்கு நேர் எதிரே. கையில் ஆயில் சீலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினேன். அந்த ப்ரெஸ்சின் தூணில் கோடு இல்லை. அங்கே நின்ற ஆள் உள்ளே கை விட்டு நெம்பிக்கொண்டிருந்தான்.

நான் எழுந்துகொள்வதற்குள் சாவிச் சத்தம் கேட்டது. சிந்துஜா ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்தாள். அந்த ஆளைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்தாள். பிறகு போர்டைத் திறந்து அந்த வரிசை முழுவதையும் நிறுத்தினாள். எல்லா ப்ரெஸ்சுக்கும் எண்ணெய் ஒரே பம்பிலிருந்து வருகிறது, ஒன்று இறங்கினால் மற்றதையும் பார்க்காமல் ஓட்டக் கூடாது என்றாள். சத்தமே இல்லாமல் போய்விட்டது அந்த ஷெட். யாரிடமும் அவள் கேட்கவில்லை. நான் எத்தனையோ முறை மனசுக்குள் செய்து பார்த்த காரியத்தை என் கண் முன்னால் இன்னொருத்தி செய்துவிட்டாள்.

மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்தார்கள். தட்டை ஏற்றி நிறுத்தி வெகுநேரம் பார்த்தார்கள். இறங்கவில்லை. வால்வில் அழுக்கு இருந்திருக்கலாம், போய்விட்டிருக்கலாம், சொல்ல முடியாது என்றார்கள். லாரி பாதி லோடோடு போனது. கார் கம்பெனியிலிருந்து போன் மேல் போன்.

மத்தியானம் வரதராஜன் சார் என்னை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"ஸ்டெல்லா, மனசு விட்டுச் சொல்றேன். அன்னிக்கு உனக்குத்தான் இன்சார்ஜ் குடுத்திருக்கணும். நான் தப்பு பண்ணிட்டேன்."

எத்தனை வருஷமாக அந்தச் சொல்லுக்குக் காத்திருந்தேன் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது.

"நீயா இருந்திருந்தா இப்படிப் பதறிப் போய் லைனையே நிறுத்தியிருக்க மாட்ட. பொம்பளைன்னா உன்ன மாதிரி நிதானம் வேணும். படிச்ச திமிர்ல ஆடக் கூடாது. முதலாளி சாயந்தரம் வரார். நீ எதிர்லயே இருந்த. தட்டு இறங்கலன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். மெஷினும் அதத்தான் சொல்லுது."

கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து வந்தேன்.

சாயந்தரம் வரைக்கும் என் மனசு என்ன பாடு பட்டது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு வார்த்தை. அந்த வெள்ளை ஹெல்மெட் இறங்கிவிடும். சாவிச் சத்தம் நின்றுவிடும். என் தலையணை எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். இனிப்பைக் கடைவாயில் ஒதுக்கி வைத்திருப்பது மாதிரி அந்த நினைப்பை வைத்துக்கொண்டிருந்தேன்.

சாயந்தரம் கூப்பிட்டார்கள். முதலாளி, சார், ஏழுமலை, சிந்துஜா. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. நான் அவளுக்கு எதிராகத்தான் பேசுவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளை மேடம் என்று கூப்பிடாத ஒரே ஆள் நான்தானே.

ஏழுமலை சொன்னான்: "மெஷின்ல ஒண்ணுமில்ல சார். லேடீஸ் இல்லயா, பயந்துட்டாங்க. அவங்களச் சொல்லிக் குத்தமில்ல."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னம்மா பாத்தீங்க?"

நான் சிந்துஜாவைப் பார்த்தேன். பிடிக்கவே இல்லை. அந்த நிமிஷத்திலும் எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் தட்டு இறங்கியது. அவள் நிறுத்தினது தப்பு என்று சொன்னால், பத்மினிக்காக நான் நிறுத்தச் சொன்னதும் தப்பு என்று ஆகிவிடும்.

"எறங்குச்சி சார். தூணுல கிரீஸ் கோடு மறைஞ்சிபோச்சி. நானும் பாத்தேன்."

வரதராஜன் சார் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு பொம்பளைங்க பாத்தது சார். மெஷின் வேற சொல்லுது."

"பத்மினி வெரல் போன அன்னிக்கும் நான் பாத்தேன் சார்," என்றேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. "இதோ நிக்கிறாரே, இவருகிட்டதான் சொன்னேன். அன்னிக்கு ஒரு பொம்பள சொன்னது பத்தல. இன்னிக்கு ரெண்டு பேரு சொல்றோம். இன்னும் எத்தினி பேரு சொல்லணும்னு சொல்லுங்க, கூட்டிகினு வரேன்."

முதலாளி ஏழுமலையைப் பார்த்தார். அவன் சாரைப் பார்த்தான். சார் கண்ணாடியைக் கழற்றினார்.

எல்லா வால்வும் மாற்றி முடிக்கும் வரை லைன் ஓடக்கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டுப் போனார். சிந்துஜாவை யாரும் தொடவில்லை. ஏழுமலையையும் தொடவில்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். அவன் இன்சார்ஜாகவே ரிட்டயர் ஆனான்.

திங்கட்கிழமை அவள் என் மேசைக்கு வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"ரொம்ப தேங்க்ஸ்க்கா."

"உங்களுக்காக ஒண்ணும் சொல்லல," என்றேன்.

"தெரியும்க்கா," என்றாள். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. தெரிந்துதான் சொன்னாள். அந்த நிதானத்தின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

வரதராஜன் சார் ஓய்வு பெற்ற பிறகு அவள் பெண்களைத் திரும்ப ப்ரெஸ்சில் நிறுத்தினாள். எந்த ப்ரெஸ்சையும் அதில் நிற்பவரே, யாரையும் கேட்காமல் நிறுத்தலாம் என்று விதி போட்டாள். எனக்கு அப்போது முட்டியும் கண்ணும் ப்ரெஸ்சுக்கு ஒத்துவரவில்லை. சூப்பர்வைசர் இடத்துக்கு என் பெயரைச் சொல்லிப் பார்த்தாள் என்று கேள்விப்பட்டேன். டிப்ளமா வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். மேசையில் உட்கார்ந்தபடி அந்தப் புதுப் பெண்களைப் பார்ப்பேன். ஒருத்தி பொத்தானை அடித்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பார்த்தாலும் எரியும். அவளுக்கு யாரும் கெடுதல் நினைத்துவிடக் கூடாது என்றும் இருக்கும். இரண்டும் ஒரே மனசில்தான்.

அதனால் தினகரனுக்கு என் பதில் இதுதான். சரிப்படுமா என்று கேட்டாயே, அது உன் ஷிப்டுக்கு வந்த அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இல்லை. அவள் ஒன்றை நிறுத்து என்று சொல்லும்போது நீ நிறுத்துவாயா, அதை நீ யோசி. எனக்கு அவளைத் தெரியாது. பார்த்தால் எனக்குப் பிடிக்காமலும் போகலாம். எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்திருக்கிறது, எப்படிப் பிடிக்கும்? பிடிக்காததற்கும் தகுதிக்கும் சம்பந்தம் இல்லை. இந்த ஒன்றைத்தான் நான் அந்த வேலையில் முழுசாகக் கற்றுக்கொண்டேன்.

இதை எழுதி முடிக்கப் போகிற நேரத்தில் சிந்துஜாவே போன் செய்தாள். பிளான்ட் ஹெட் ஆக்கிவிட்டார்களாம். ஞாயிற்றுக்கிழமை சின்னதாக ஒரு விழா. "நீங்க கண்டிப்பா வரணும்க்கா, வண்டி அனுப்பறேன்" என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. நல்லா இரு என்று சொன்னேன், மனசாரத்தான் சொன்னேன். ஆனால் வர முடியாது, முட்டி வலி, நாலு எட்டுக்கூட வைக்க முடியவில்லை என்றேன்.

அவள் மருந்து பெயரெல்லாம் கேட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு, நடந்தே மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தேன்.